முன்வாசலும் பின்வாசலும்: செட்டிநாட்டு வேலைத்தலங்களில் தீயைத் தடுப்பதும் எதிர்கொள்வதும்

கதவுகள் எல்லாம் திறந்திருக்கும் ஒரு நாளில் செட்டிநாட்டு வீட்டின் முன்வாசலில் நின்று பார்த்தால், பின்வாசலின் வெளிச்சம் நேர்கோட்டில் தெரியும். முகப்பு ஒரு தெருவில் இருக்கும். அதைக் கடந்தால் வளவு என்னும் நடுமுற்றப் பகுதி, வளவைச் சுற்றிய அறைகள், இரண்டாம் கட்டு, அதற்கும் பின்னால் அடுப்படி என்று நீண்டு, வீடு அடுத்த தெருவில் போய் முடியும். காற்றுக்காகவும் வெளிச்சத்துக்காகவும் விசேஷ நாட்களில் கூட்டம் புழங்குவதற்காகவும் அமைந்த கட்டுமானம் என்றே இதைப் பொதுவாக விளக்குகிறார்கள். தீயை மனத்தில் வைத்துப் பார்ப்பவருக்கு இதே அமைப்பில் வேறு மூன்று நன்மைகள் புலப்படும். நெருப்பு எரியும் இடம், மக்கள் உறங்கும் இடத்திலிருந்து தள்ளி வைக்கப்பட்டிருக்கிறது. எந்தப் பக்கம் தீப்பிடித்தாலும் மறுபக்கமாக வெளியேற ஒரு வாசல் இருக்கிறது. நடுவில் வானம் பார்த்த முற்றம் இருப்பதால், புகை உள்ளே தேங்காமல் மேலே போய்விடுகிறது.

சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரவியிருக்கும் எழுபதுக்கும் மேற்பட்ட செட்டிநாட்டு ஊர்களில், 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 20ஆம் நூற்றாண்டின் முற்பாதி வரை பர்மாத் தேக்கைக் கொண்டுவந்து கட்டப்பட்ட இத்தகைய வீடுகளில் பல இன்று வேலைத்தலங்களாகிவிட்டன. தங்கும் விடுதி, மெஸ், பலகாரம் போடும் கூடம், பழம்பொருள் கடை, மரவேலைப் பட்டறை, சரக்கு வைக்கும் கிட்டங்கி என ஒவ்வொன்றும் ஒரு பழைய வீட்டுக்குள் குடியேறியிருக்கிறது. 2014இல் செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் இடம்பெற்றன. சுவரையும் தூணையும் காக்க வேண்டும் என்ற பேச்சு அதிகமாகக் கேட்கிறது. ஆனால் வீடு வேலைத்தலமாக மாறும்போது மேலே சொன்ன மூன்று நன்மைகளையும் நாமே ஒவ்வொன்றாக அழித்துவிடுகிறோம் என்பதைப் பற்றிப் பேச்சு அவ்வளவாக இல்லை. அடுப்பு முன்கட்டுக்கு வருகிறது, பின்வாசல் பூட்டப்படுகிறது, முற்றம் மூடப்படுகிறது. தீயணைப்புக் கருவி வாங்குவதற்கு முன்னால் கவனிக்க வேண்டியவை இந்த மூன்றும்தான் என்பது என் உறுதியான கருத்து.

சில ஆண்டுகளுக்கு முன் தீபாவளிக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது ஒரு பலகாரக் கூடத்துக்குப் போயிருந்தேன். தேன்குழலும் சீப்புச் சீடையும் மணகோலமும் அடுத்தடுத்து எண்ணெயில் வெந்துகொண்டிருந்தன; ஒன்பது பெண்கள் வேலை செய்தார்கள். பின்வாசலை ஒட்டி எண்ணெய் டின்கள் இடுப்பளவு உயரத்துக்கு அடுக்கப்பட்டிருந்தன. கூடத்தை நடத்திய ஆச்சியிடம் அந்தக் கதவு திறக்குமா என்று கேட்டேன். “அந்தக் கதவா தம்பி, அதைத் திறந்து நாலு வருஷம் ஆச்சு. சாமான் காணாமல் போகுதுன்னு பூட்டினது. சாவி மெட்ராசுல என் கொழுந்தனார்கிட்ட இருக்கு” என்றார். அவர் பொறுப்பில்லாதவர் அல்லர். வேலை செய்கிற பெண்களைத் தம் பிள்ளைகளைப் போலப் பார்த்துக்கொள்கிறவர். அந்தக் கதவு அவருக்குத் திருட்டுக்கான வழியாகத் தெரிந்ததே தவிர, உயிருக்கான வழியாகத் தெரியவில்லை.

இந்த மனநிலை செட்டிநாட்டுக்கு மட்டும் உரியதன்று. 1911 மார்ச் 25 அன்று நியூயார்க்கில் டிரையாங்கிள் என்ற ஆடைத் தொழிற்சாலையில் தீப்பிடித்தபோது 146 பேர் இறந்தார்கள்; அவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். துணி திருடுபோகாமல் இருப்பதற்காக வெளியேறும் கதவு ஒன்று பூட்டப்பட்டிருந்ததே அவ்வளவு பேர் சிக்கிக்கொண்டதற்கு ஒரு முதன்மைக் காரணம். நமக்குப் பக்கத்து மாவட்டமான இராமநாதபுரத்தில், ஏர்வாடியில், 2001 ஆகஸ்டு 6 அன்று மனநலம் குன்றியோர் 28 பேர் சங்கிலியால் கட்டப்பட்ட நிலையில் கருகினார்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிச் சமையலறையில் தொடங்கிய தீ கூரைக்கு ஏறி 94 குழந்தைகளைக் கொன்றது. அதே ஆண்டு ஜனவரியில் ஸ்ரீரங்கத்துத் திருமண மண்டபத்தில் கீற்றுப் பந்தல் பற்றி, மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இவை அனைத்திலும் தீ ஒரு சிறு இடத்தில்தான் தொடங்கியது. உயிர்களை எடுத்தது, வெளியேற முடியாத நிலையும் தலைக்கு மேலிருந்த எரியும் பொருளும்.

ஆகவே வேலைத்தலம் நடத்துகிறவர் முதலில் செய்ய வேண்டியது, இரு வாசல்களுக்கும் இடையே ஒருமுறை நடந்து பார்ப்பது. வழியில் விறகோ டின்னோ சாக்கு மூட்டையோ இருந்தால் அப்புறப்படுத்த வேண்டும். வெளியிலிருந்து திறக்க முடியாமலும் உள்ளிருந்து சாவி இல்லாமல் ஒரே இழுப்பில் திறக்கும்படியும் இருக்கிற தாழ்ப்பாள் கடையில் கிடைக்கிறது. திருட்டுப் பயத்துக்கும் தீப் பயத்துக்கும் அதுவே விடை. செட்டிநாட்டில் இதற்குமேல் ஒரு சிக்கலும் உண்டு. ஒரு வீட்டில் பல புள்ளிகளுக்கு, அதாவது மணமான தனித்தனிக் குடும்பங்களுக்கு, பங்கு இருக்கும். ஒவ்வொருவருக்கும் ஓர் அறை, ஒவ்வோர் அறைக்கும் ஒரு பூட்டு, முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கு மட்டும் வந்து திறக்கிற பங்காளிகள். அந்தப் பூட்டிய அறைக்குள் பழைய மின்கம்பி ஓடினால், அங்கே தொடங்கும் புகையை யாரும் சீக்கிரம் பார்க்கப்போவதில்லை. வீட்டை வாடகைக்கு விடும்போதே, பூட்டிய அறைகளுக்கான மின் இணைப்பைத் துண்டித்துவிட வேண்டும் என்றும், சாவிகளின் இன்னொரு கொத்து உள்ளூரில் பொறுப்பானவரிடம் இருக்க வேண்டும் என்றும் பங்காளிகள் எழுதிக்கொள்வது நல்லது.

இனி அடுப்படிக்கு வருவோம். செட்டிநாட்டு வேலைத்தலங்களில் நெருப்பை அன்றாடம் கையாளும் இடங்கள் பலகாரக் கூடமும் மெஸ்ஸும்தான் என்பதால், இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியிருக்கிறது. பலகாரம் பொரிவது சுமார் 180 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில். அதற்குமேல் சூடேறினால் எண்ணெய் புகையத் தொடங்கும். அந்தப் புகைதான் எச்சரிக்கை. அதையும் கவனிக்காமல் விட்டு 350 டிகிரியைத் தாண்டினால், தீச்சுடர் படாமலேயே எண்ணெய் தானாகப் பற்றிக்கொள்ளும் நிலை வந்துவிடும். கேஸ் அடுப்பைத் திருகி அணைத்துவிடலாம். விறகடுப்பிலும் கோட்டை அடுப்பிலும் அது முடியாது. விறகை இழுத்த பிறகும் தணல் சூட்டைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். எனவே விறகடுப்பில் எண்ணெய்ச் சட்டி இருக்கும்வரை ஒருவர் அதன் பக்கத்திலேயே இருந்தாக வேண்டும். போனில் ஆர்டர் எடுக்கப் போகிறவர், முன்னதாகப் பலகாரத்தை அரித்தெடுக்கும் சாரணியை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டுப் போக வேண்டும்.

பற்றிய எண்ணெயில் தண்ணீர் ஊற்றுவதுதான் அடுப்படியில் நடக்கும் மிகக் கொடிய தவறு. தண்ணீர் எண்ணெயைவிடக் கனமானது. அது அடியில் இறங்கி, கொதிக்கும் எண்ணெயின் சூட்டில் கணப்பொழுதில் ஆவியாகிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் ஏறத்தாழ 1,700 லிட்டர் இடத்தை அடைக்கும். அந்த ஆவி, எரிகிற எண்ணெயைத் துளித்துளியாகச் சிதறடித்துக்கொண்டு மேலே கிளம்பும்போது, சட்டிக்குள் இருந்த தீ கூடம் முழுவதும் பரவிவிடுகிறது. செய்ய வேண்டியது மிக எளியது: சூட்டைக் கொடுப்பதை நிறுத்திவிட்டுக் காற்றை மறைப்பது. ஒவ்வோர் எண்ணெய்ச் சட்டிக்கும் அதன் வாயைவிட அகலமான, கைப்பிடி உள்ள தகர மூடி ஒன்று இருக்க வேண்டும். அதை அடுப்புக்கு மேலே ஆணியடித்து மாட்டக் கூடாது. தீப்பிடித்தால் எட்டி எடுக்க முடியாது. கைக்கெட்டும் பக்கச் சுவரில் மாட்டி வைத்து, தீப்பிடித்ததும் மூடியைக் கேடயம்போல் முன்னால் பிடித்து, நம் பக்கத்திலிருந்து அப்பால் நோக்கிச் சறுக்கி மூட வேண்டும். மூடிய பின் அரை மணி நேரமாவது திறக்கக் கூடாது. எண்ணெய் ஆறாமல் திறந்தால் காற்றுப் பட்டு மறுபடியும் பற்றும். எரிகிற சட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடுவது, நல்லெண்ணத்தில் பலர் செய்து உடல் வெந்துபோன காரியம்.

விறகை அடுப்பை ஒட்டி அடுக்குவதும், எண்ணெய் டின்களை அடுப்படிக்குள்ளேயே சேர்த்து வைப்பதும் இடப் பற்றாக்குறையால் வரும் பழக்கங்கள். அன்றைக்கு வேண்டிய விறகும் எண்ணெயும் மட்டும் உள்ளே இருந்தால் போதும். புகைபோக்கியிலும் புகை உறிஞ்சும் விசிறியிலும் படியும் எண்ணெய்ப் பிசுக்கை வாரந்தோறும் சுரண்டி எடுக்க வேண்டும், ஏனென்றால் சட்டியில் எழுந்த சுடர் கூரைக்கு ஏறுவதற்கு அந்தப் பிசுக்குத்தான் ஏணி.

கேஸைப் பொறுத்தவரை, அது காற்றைவிடக் கனமானது என்பதை ஒவ்வொரு சமையல்காரரும் அறிந்திருக்க வேண்டும். கசிந்தால் மேலே போகாது. தரையோடு ஊர்ந்து, படி இறங்கும் பக்கமாகவும் தூம்புப் பக்கமாகவும் தேங்கும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே பற்றக்கூடிய நிலை வந்துவிடும். வணிகத்துக்கான 19 கிலோ சிலிண்டர்களை அடுப்படிக்கு வெளியே, நிழலில், நேராக நிறுத்தி, குழாய் வழியே உள்ளே கொண்டுவருவதே முறை. இணைப்புகளில் சோப்பு நீரைத் தடவினால் கசிகிற இடத்தில் குமிழி வரும். தீக்குச்சி கொளுத்திப் பார்க்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள் என்பது வேதனையான செய்தி. வாடை வந்தால் சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது; இரண்டிலும் பொறி உண்டாகும். வால்வை மூடி, கதவுகளைத் திறந்து, ஆட்களை வெளியே அனுப்ப வேண்டும். சிலிண்டரின் வாயில் தீ எரிந்துகொண்டிருந்தால், வால்வை மூட முடியுமானால் மட்டுமே அதை அணைக்கலாம். மூட முடியாத நிலையில் சுடரை மட்டும் அணைத்துவிட்டால், எரியாத வாயு கூடம் முழுவதும் சேர்ந்து பின்னால் வெடிக்கும்.

மின்சாரம் இந்த வீடுகளுக்குப் பிற்காலத்தில் வந்து சேர்ந்தது. ஒரு விளக்குக்கும் ஒரு விசிறிக்கும் என்று மரப்பட்டிக்குள் இழுத்த கம்பியிலேயே இன்று ஏசி, கீசர், மாவு மெஷின், ஃப்ரீசர் எல்லாவற்றையும் மாட்டுகிறோம். கம்பியில் ஓடும் மின்னோட்டம் இரண்டு மடங்கானால் அதில் உண்டாகும் சூடு நான்கு மடங்காகும். தளர்ந்த இணைப்பு ஒன்று இருந்தால் அந்த ஒரு புள்ளியில் சூடு குவியும். அந்தப் புள்ளி தேக்கு உத்தரத்தின் மேலே, மச்சுக்கும் ஓட்டுக்கும் நடுவே, பல்லாண்டுத் தூசியும் பறவைக் கூடும் சேர்ந்த இடத்தில் இருந்தால், கீழே இருப்பவர் கண்ணுக்குத் தெரியும் முன்பே தீ வளர்ந்துவிடும். அடிக்கடி ஃபியூஸ் போகிறதென்று தடித்த கம்பியைக் கட்டுவது, கூப்பிடுகிற காவல்காரன் வாயைப் பொத்துவது போன்றது. புதிய பாரத்துக்குப் புதிய கம்பி, ஒவ்வொரு சுற்றுக்கும் மின்னோட்டம் மிகுந்தால் துண்டிக்கும் தனித்தனி எம்.சி.பி., மின்கசிவைக் கண்டு துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஆகியவற்றுக்கு ஆகும் செலவு, ஓர் அறைக்குப் புதிதாகப் பளிங்கு பதிக்கும் செலவைவிடப் பெரிதாக இருக்காது.

மரத்தைப் பற்றி ஒரு தவறான அச்சத்தையும் நீக்க வேண்டும். தேக்குத் தூண்கள் நிறைந்த வீடு சட்டென்று எரிந்துபோகும் என்று பலர் நினைக்கிறார்கள். பருத்த கடின மரம் எரியும்போது அதன் வெளிப்பக்கம் கரியாகி, அந்தக் கரியே உள்மரத்துக்குக் காப்பாகிறது. நிமிடத்துக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத்தான் தீ உள்ளே போகும். பூச்சு இல்லாத இரும்பு உத்தரமோ 550 டிகிரியை எட்டும்போது தன் வலுவில் பாதியளவை இழந்து வளைந்துவிடுகிறது. கருங்கல்லும் வெப்பத்தில் வெடிக்கும். 2018 பிப்ரவரி 2 அன்று மதுரை மீனாட்சியம்மன் கோயில் வீரவசந்தராயர் மண்டபத்தில் கடைகள் பற்றியெரிந்தபோது, நூற்றாண்டுகளாக நின்ற கல் கூரை இடிந்து விழுந்ததை நாம் பார்த்தோம். அங்கே எரிந்தது கல் அன்று, கல்லுக்குள் நாம் கொண்டுபோய் வைத்த சரக்கு. செட்டிநாட்டு வீட்டிலும் தூணைவிட ஆபத்தானவை மெல்லிய பலகைத் தடுப்பு, பஞ்சு நுரை மெத்தை, செயற்கை இழைத் திரை, அலங்காரக் கீற்று ஆகியவை. நுரை மெத்தைகள் நிறைந்த விடுதி அறை ஐந்து நிமிடத்துக்குள் முழுவதும் தீப்பிழம்பாகிவிட முடியும்.

காரைக்குடியில் பழம்பொருள் கடைகளுக்குப் பின்னால் இயங்கும் மரப் பட்டறைகளுக்கு ஒரு தனி ஆபத்து உண்டு. ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால், எண்ணெய் காற்றோடு சேர்ந்து உலரும்போது உண்டாகும் சூடு வெளியேற வழியின்றிச் சேர்ந்து, யாரும் இல்லாத நள்ளிரவில் துணி தானாகவே பற்றும். அத்தகைய துணிகளை வெளியில் விரித்துக் காயவைக்க வேண்டும், அல்லது தண்ணீர் நிரப்பிய மூடியுள்ள தகரப் பாத்திரத்தில் போட வேண்டும். தின்னர் ஆவியும் கேஸைப் போலவே தரையோடு ஊர்ந்து தொலைவில் உள்ள பொறியைத் தேடிப் போகும். இழைப்புத் தூளை அன்றன்று கூட்டி அள்ள வேண்டும். கண்டாங்கி நெய்யும் தறிக்கூடங்களில் பஞ்சுத் துகள் விளக்கு, மோட்டார்களின்மேல் படியாமல் பார்த்துக்கொண்டால் பெரும்பகுதி வேலை முடிந்தது. ஆத்தங்குடி ஓடு போடும் பட்டறைகளில் கவலை குறைவு. சிமெண்டையும் மணலையும் கண்ணாடிமேல் வார்த்து, தண்ணீரில் ஊறவைத்துப் பதமாக்கும் அந்தத் தொழிலில் சூளையே கிடையாது.

மூன்றாவது நன்மையான முற்றத்துக்கு வருகிறேன். தீ விபத்துகளில் இறப்போரில் மிகப் பலர் சுடர் படுமுன்பே புகையால் இறக்கிறார்கள். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பற்றுடன் இரத்தத்தோடு சேர்ந்து, மூச்சுத் திணறுவதை உணரும் முன்பே நினைவை இழக்கச் செய்கிறது. திறந்த முற்றம் இந்தப் புகைக்கு வழிவிடும் மாபெரும் புகைபோக்கி. குரங்கும் மழையும் வருகின்றன, ஏசி போட வேண்டும் என்ற காரணங்களால் அதன்மேல் பிளாஸ்டிக் தகடு வேய்ந்து சாப்பாட்டுக் கூடமாக்கும்போது, அந்தப் புகைபோக்கியின் வாயை அடைக்கிறோம். தீயில் அந்தத் தகடு உருகிக் கீழே இருப்பவர்கள்மேல் சொட்டவும் கூடும். மூடித்தான் ஆக வேண்டுமென்றால், முற்றத்தின் விளிம்பிலிருந்து மூன்று நான்கு அடி உயர்த்தி, நான்கு பக்கமும் திறந்திருக்கும்படி கூரை போடலாம். மழைச் சாரல் கொஞ்சம் அடிக்கும். அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தொழிற்சாலைகள் சட்டம் 1948, மின்விசையோடு 10 பேரும் மின்விசை இன்றி 20 பேரும் வேலை செய்யும் இடத்தையே தொழிற்சாலை என்று வரையறுத்தது. தீத் தடுப்புக்கும் வெளியேறும் வழிக்கும் அதன் 38ஆம் பிரிவு வகைசெய்தது. நான் பார்த்த பலகாரக் கூடங்கள் பெரும்பாலும் இந்த எண்ணிக்கைக்குக் கீழே நிற்பவை. ஆய்வாளர் வரமாட்டார் என்பதால் தீயும் வராமல் இருந்துவிடுவதில்லை. தமிழ்நாடு தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறையினர் ஆண்டுதோறும் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம் கடைப்பிடிக்கிறார்கள். 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் பஞ்சுப் பொதிகளும் வெடிமருந்தும் ஒன்றாக ஏற்றப்பட்ட கப்பல் வெடித்தபோது உயிரிழந்த தீயணைப்பு வீரர்களின் நினைவாக வரும் வாரம் அது. அப்போது கேட்டுக்கொண்டால், நிலையத்தார் நேரில் வந்து செயல்விளக்கம் காட்டுவார்கள்.

தீப்பிடித்துவிட்டால் முதல் இரண்டு நிமிடங்களில் நான்கு வேலைகள் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும்: ஒருவர் குரல் கொடுப்பது, ஒருவர் மின் மெயினையும் கேஸையும் அணைப்பது, ஒருவர் 101க்குப் பேசுவது, ஒருவர் ஆட்களை வெளியேற்றுவது. யார் எதைச் செய்வது என்று முன்பே பெயர் சொல்லி வைக்காவிட்டால் நால்வரும் தண்ணீர் தேடித்தான் ஓடுவார்கள். 101க்குப் பேசுகிறவர் ஊர், தெரு, என்ன எரிகிறது, உள்ளே யாராவது சிக்கியிருக்கிறார்களா என்பவற்றைச் சொல்ல வேண்டும். ஒன்றுபோல் இருக்கும் பெரிய வீடுகள் வரிசையாக நிற்கிற கானாடுகாத்தான், பள்ளத்தூர் போன்ற ஊர்களில், முன்தெருவின் பெயரோடு பின்தெருவின் பெயரையும், பக்கத்தில் உள்ள கோயிலையும், வண்டி தண்ணீர் எடுக்கத்தக்க ஊருணி எங்கே என்பதையும் சொல்வது மிகவும் உதவும். தெருமுனையில் ஒருவர் நின்று வண்டிக்கு வழிகாட்ட வேண்டும்.

தீயணைப்புக் கருவியை, தீ ஒரு குப்பைத் தொட்டி அளவில் இருக்கும்போது, வாசலைத் தம் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நிற்கிறவர் மட்டுமே பயன்படுத்தலாம். ஊசியைப் பிடுங்கி, குழாயைச் சுடரின் தலைக்கு அல்லாமல் அடிக்குக் குறிவைத்து, பிடியை அழுத்தி, இடமும் வலமும் வீசியடிக்க வேண்டும். ஆறு கிலோ பொடிக் கருவி இருபது நொடி அளவில் தீர்ந்துவிடும். அதற்குள் அணையாவிட்டால் வெளியேறுவதே சரி. மரம், துணி, மின்சாரம் ஆகியவற்றுக்கு ஏபிசி பொடி உதவும். எண்ணெய்ச் சட்டிக்கு அது நிச்சயமில்லை, ஏனெனில் பொடி சுடரை அடக்கினாலும் எண்ணெயின் சூட்டைத் தணிப்பதில்லை. எண்ணெயின் மேற்பரப்பைச் சோப்புப் படலமாக்கி மூடும் ஈர இரசாயனக் கருவி அடுப்படிக்கென்றே இருக்கிறது. எந்த இடத்தில் நின்றாலும் பதினைந்து மீட்டர் தூரத்துக்குள் ஒரு கருவி கைக்கு வர வேண்டும் என்பது இந்தியத் தர அளவின் கணக்கு. மாதம் ஒருமுறை அதன் அழுத்தம் காட்டும் முள் பச்சையில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.

புகைக்குள் நடக்க நேர்ந்தால் குனிந்தோ தவழ்ந்தோ சுவரைத் தடவிக்கொண்டு போக வேண்டும். வெளியே வந்ததும் எல்லோரும் முன்பே பேசி வைத்த ஒரே இடத்தில் கூடித் தலையை எண்ண வேண்டும்; முன்வாசலில் சிலரும் பின்வாசலில் சிலருமாக நின்றால், பத்திரமாக வெளியே வந்துவிட்ட ஒருவரைத் தேடி இன்னொருவர் உள்ளே போய்ச் சிக்கிவிடுவார். புடவையில் தீப்பிடித்தவர் ஓடக் கூடாது. நின்று, படுத்து, உருள வேண்டும். அடுப்படியில் நைலான் புடவைக்குப் பதிலாகப் பருத்தி உடுத்துவது நல்லது, நைலான் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். வெந்த இடத்தில் குழாய்த் தண்ணீரை இருபது நிமிடம் ஓடவிட வேண்டும். வளையல், மோதிரம் ஆகியவற்றை வீங்கும் முன் கழற்றிவிட வேண்டும். பற்பசை, மை, மஞ்சள், மாவு எதையும் பூசாமல், சுத்தமான துணியால் தளர மூடி, 108ஐ அழைக்க வேண்டும்.

தீ அணைந்த பிறகும் இந்த வீடுகளில் ஒரு வேலை மிச்சமிருக்கிறது. சுவருக்குள் செருகிய உத்தரத்தின் முனையிலும் மச்சுப் பலகைக்கு அடியிலும் தணல் மணிக்கணக்கில் கனன்றுகொண்டிருந்து, அடுத்த நாள் விடியற்காலையில் மறுபடி சுடராக எழுவது உண்டு. அன்று இரவு முழுவதும் ஒருவர் விழித்திருந்து, மணிக்கொருமுறை உத்தரத்தின் ஓரங்களைப் புறங்கையால் தொட்டுச் சூடு பார்க்க வேண்டும். புகை வாடை தெரிந்தால் தயங்காமல் மீண்டும் 101ஐ அழைக்க வேண்டும். நனைந்த கம்பிகளை மின்பணியாளர் சோதித்துக் கையெழுத்திடும்வரை மெயினைப் போடவோ, இரண்டு வாசல்களும் தடையின்றித் திறக்கின்றன என்று பார்க்கும்வரை அடுப்பை மூட்டவோ கூடாது.